முட்டில் போடும் ஊசியும் உப்புத் தண்ணீரும்

எங்கள் கொல்லயிலில் முழங்காலுக்கு முட்டு என்றுதான் பெயர். மலையாளம் பேசும் வீட்டிலும் முட்டு, தமிழ் பேசும் வீட்டிலும் முட்டு. 1956 நவம்பர் 1-ம் தேதி கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லை களியக்காவிளையில் வந்து விழுந்தது. ரேஷன் கார்டும் பள்ளிக்கூடப் புத்தகமும் மாறின, முட்டுவலி மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. ரப்பர் வெட்டி நடந்தவர், மரச்சீனி விளையில் குனிந்தவர், குளத்தங்கரையில் குத்தவைத்துத் துணி அலசியவர் என்று அறுபது தாண்டிய யாரிடம் நலம் விசாரித்தாலும் முதலில் வருவது முட்டின் கதைதான்.

நான் மெல்போர்னில் ஒரு மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு மருந்து என்றால் என் போன் நம்பர்தான் நினைவுக்கு வரும். தோஹாவில் இருந்து ஒரு தம்பி, டொரோண்டோவில் இருந்து ஒரு அக்கா என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்வி. "அண்ணே, அம்மைக்கு முட்டுல ஊசி போடணுமாம். மூணு ஊசி சேர்த்து பேக்கேஜாம். போட்டா ஆபரேஷன் வேண்டாமுன்னு சொல்லுதாவ. பணம் அனுப்பட்டா?"

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. ஏனென்றால் முட்டில் போடும் ஊசி ஒன்று இல்லை, பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரம் தெரிந்தால் பாதி பதில் தானாகவே கிடைத்துவிடும். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்கு முன்னால்

எங்கள் பக்கம் முட்டுக்கு முதல் வைத்தியர் ஆசான்தான். வர்மம் தெரிந்தவர், களரி தெரிந்தவர், எலும்பு முறிந்தால் கட்டுகிறவர் எல்லாம் அவர் ஒருவரே. முறிவெண்ணெய், கொட்டஞ்சுக்காதி தைலம், இலைக்கிழி, நவரக்கிழி. சூடும் தடவலும் கொடுத்த சுகம் பொய்யில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டு அலமாரியில் அந்தக் குப்பிகள் இருக்கின்றன.

இரண்டாவது இடம் நெய்யூர் ஆஸ்பத்திரி. லண்டன் மிஷன் சங்கம் 1838-ல் அங்கே வைத்திய வேலையைத் தொடங்கியது. 1920-களில் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்டு சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் அங்கேயே தங்கிவிட, தென் திருவிதாங்கூர் முழுக்க ஜனங்கள் நெய்யூருக்கு நடந்தார்கள். அவர் பேரில்தான் எங்களுக்குப் பக்கத்துக் காரக்கோணத்தில் 2002-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. ஆனால் சோமர்வெல் வந்த காலத்தில் தேய்ந்த முட்டுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஓய்வு, சூட்டு ஒத்தடம், ஆஸ்பிரின். நெய்யூரில் மட்டுமில்லை, லண்டனிலும் அவ்வளவுதான்.

மஞ்சள்காமாலையில் தொடங்கிய கதை

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் 1929-ல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மூட்டு வீங்கி முடங்கிக் கிடந்த ஒருவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. வந்த கொஞ்ச நாளில் மூட்டு வலி குறைந்துவிட்டது! கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கும் அப்படியே குறைவதைப் பார்த்தார். உடம்பு தானே சுரக்கும் ஏதோ ஒன்று வலியைத் தணிக்கிறது என்று நினைத்தார். அதே இடத்தில் எட்வர்டு கெண்டல் என்ற வேதியியலாளர் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் இருந்து வேதிப்பொருட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்தார்கள்.

1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி போட்டார்கள். பல வருடமாகப் படுக்கையும் நாற்காலியுமாகக் கிடந்தவர், ஒரு வாரத்துக்குள் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்வந்தார். அந்த மருந்துதான் கார்டிசோன். 1950-ல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரெய்க்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பெண்ணுக்கு இருந்தது ருமடாய்டு என்ற வாத நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் அது. நம் அம்மைமார்க்கு வயதாவதால் வரும் முட்டுத் தேய்மானம் அது இல்லை. 2006-லும் 2007-லும் கேரளத்தில் சிக்குன்குனியா வந்தபோது மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்களே, அதுவும் வேறு. வலி ஒன்றுபோல இருக்கும், காரணம் வேறு வேறு. ஒரு நோய்க்குக் கிடைத்த அதிசயத்தை இன்னொரு நோய்க்கும் எதிர்பார்த்ததில்தான் இந்தச் சரித்திரத்தின் பாதிக் குழப்பம் இருக்கிறது.

மருந்து முதலில் மாட்டின் பித்தநீரில் இருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரானது. தங்கத்தைவிட விலை. அதை மலிவாக்கியது ஒரு கிழங்கு! மெக்சிகோ காட்டில் விளையும் ஒரு கிழங்கில் இருந்து புரோஜெஸ்டிரோன் எடுத்தார்கள். 1952-ல் அப்ஜான் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் அதை ஒரு பூஞ்சைக்குத் தின்னக் கொடுத்து, ஸ்டீராய்டு தயாரிப்பில் பெரிய தடையாக இருந்த படியைத் தாண்டினார்கள். நாம் மரச்சீனியோடு அவித்துத் தின்னும் காச்சில் அந்தக் கிழங்கின் சொந்தக்கார இனம்தான். (காச்சில் தின்றால் முட்டுவலி போகுமா என்று கேட்காதீர்கள், போகாது.)

1951: ஊசி முட்டுக்குள் போனது

கார்டிசோனை உடம்பு முழுக்கக் கொடுத்தால் முகம் ஊதியது, எலும்பு மெலிந்தது, வயிற்றில் புண் வந்தது. அப்படியானால் வலிக்கிற இடத்தில் மட்டும் போட்டால் என்ன? பிலடெல்பியாவில் ஜோசப் ஹாலண்டர் இதைச் செய்து பார்த்தார். கார்டிசோனை நேரே மூட்டுக்குள் போட்டால் பலன் அதிகம் இல்லை. அதன் நெருங்கிய உறவான ஹைட்ரோகார்டிசோனைப் போட்டால் பலன் தெரிந்தது. காரணம் பின்னால் புரிந்தது. கார்டிசோனை நம் உடம்பு, முக்கியமாக ஈரல், ஹைட்ரோகார்டிசோனாக மாற்றிய பிறகுதான் அது வேலை செய்யும். மூட்டுக்குள் அந்த வசதி போதாது. 1951-ல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அதே 1951-ல்தான் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியை நேரு திறந்துவைத்தார்.

இன்று நம்மூரில் "ஸ்டீராய்டு ஊசி" என்று போடுவது அந்த ஹைட்ரோகார்டிசோனின் பிள்ளைகள்தான். டிரையாம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் என்று பெயர். மெதுவாகக் கரைவதற்காக அவற்றைக் கலங்கலான நீராகச் செய்கிறார்கள்.

உப்புத் தண்ணீர் மேடைக்கு வருகிறது

இனிமேல்தான் கதையின் முக்கியமான கட்டம். 1958-ல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. முட்டுத் தேய்மானம் உள்ள சுமார் இருநூறு பேர். சிலருக்கு ஹைட்ரோகார்டிசோன், சிலருக்கு லாக்டிக் அமிலம், சிலருக்கு மரப்பு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர், சிலருக்கு ஊசி போடுவது போல ஒரு பாவனை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாக் கூட்டத்திலும் பலருக்கு வலி குறைந்திருந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வலி எல்லாம் மனப்பிரமை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாம் டாக்டரிடம் போவது எப்போது? வலி உச்சத்தில் இருக்கும்போது. முட்டுவலி ஏறி இறங்கும் சுபாவம் உள்ளது. உச்சத்தில் இருக்கும்போது என்ன செய்தாலும் கொஞ்ச நாளில் இறங்கத்தான் செய்யும். அதோடு ஒருவர் உட்கார்ந்து நம் முட்டைத் தொட்டுப் பார்த்து, ஊசி போட்டு, சரியாகும் என்று சொன்னால் வலி உண்மையாகவே தணிகிறது. இந்த இரண்டையும் கழித்த பிறகு மிச்சம் நிற்பதுதான் மருந்தின் பலன். அதை அளக்க ஒரே வழி, யாருக்கு எது என்று தெரியாமல் பாதிப்பேருக்கு உப்புத் தண்ணீர் போட்டுப் பார்ப்பது. அன்றில் இருந்து இன்றுவரை முட்டுக்கு வந்த ஒவ்வொரு புது ஊசியும் இந்த உப்புத் தண்ணீரோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

ஸ்டீராய்டு அந்தப் போட்டியில் முழுக்கத் தோற்கவில்லை. சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கிறது, முக்கியமாக முட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நேரத்தில். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் தந்த வழிகாட்டுதல், இரண்டு முதல் பத்து வாரம் வரை நிவாரணம் என்கிறது. ஆனால் அடிக்கடி போட்டால்? 2017-ல் அமெரிக்காவில் 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு டிரையாம்சினலோன், பாதிப்பேருக்கு உப்புத் தண்ணீர். முடிவில் வலியில் வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

இன்னொன்று சர்க்கரை. என் சித்திக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை உண்டு. ஓர் இடத்தில் (எந்த இடம் என்பது இங்கே வேண்டாம்) இரண்டு முட்டிலும் ஊசி போட்டு அனுப்பினார்கள். என்ன மருந்து என்று சீட்டில் எழுதவில்லை, சர்க்கரை ஏறும் என்று யாரும் சொல்லவும் இல்லை. மறுநாள் சர்க்கரை முந்நூறைத் தாண்டியதும் வீடே பயந்துபோய், நெஞ்சுவலியோ என்னவோ என்று ராத்திரியில் ஜீப் பிடித்து ஓடினார்கள். ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறுவது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ராத்திரி ஓட்டம் இல்லை.

சேவல் கொண்டையில் இருந்து ஜெல்

"முட்டில கிரீஸ் தீர்ந்துபோச்சு" என்று ஊரில் சொல்வார்கள். இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் ஜெல் ஊசி. 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழில் இருந்து ஒரு பொருளைப் பிரித்து ஹையலூரானிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரிலும் அதுதான் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஷ் அதைச் சேவல் கொண்டையில் இருந்து சுத்தமாக எடுத்தார். 1970 வாக்கில் பந்தயக் குதிரைகளின் மூட்டில் போட்டுப் பார்த்தார்கள். பிறகு மனிதர்கள். 1987-ல் ஜப்பானிலும் இத்தாலியிலும் விற்பனைக்கு வந்தது, 1997-ல் அமெரிக்கா அனுமதித்தது. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கா அதை மருந்தாக அனுமதிக்கவில்லை, ஒரு மருத்துவச் சாதனமாகத்தான் அனுமதித்தது. இப்போது பாக்டீரியாவை வளர்த்தும் தயாரிக்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. எண்ணெய் வற்றிய இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது போல! ஆனால் முட்டு இயந்திரம் இல்லையே. போட்ட ஜெல்லை உடம்பு கொஞ்ச காலத்தில் கரைத்து வெளியேற்றிவிடும். உப்புத் தண்ணீர் போட்டியில் என்ன ஆனது? 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 169 ஆய்வுகளை, இருபத்தோராயிரம் பேருக்கு மேல், ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது உண்மை, ஆனால் உப்புத் தண்ணீரைவிட அதிகம் குறைந்த அளவு, நோயாளி நடக்கும்போது உணரும் அளவுக்கு இல்லை. நைஸ் அமைப்பு இதைத் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஊரில் "பேக்கேஜ்" என்று கேட்பது பெரும்பாலும் இந்த ஊசியைத்தான்.

சொந்த ரத்தம்

அடுத்தது பி.ஆர்.பி. நம் கையில் இருந்தே ரத்தம் எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீரைப் பிரித்து முட்டுக்குள் போடுவது. 2009-க்குப் பிறகு அமெரிக்க விளையாட்டு வீரர்கள் போட்டுக்கொண்ட செய்திகளால் பிரபலமானது. நம் ரத்தம்தானே, கெடுதல் என்ன என்று தோன்றும்.

இதற்கான பெரிய பரீட்சை நான் இருக்கும் மெல்போர்னிலும் சிட்னியிலும் நடந்தது. 288 பேர், வாரம் ஒன்றாக மூன்று ஊசி, ஒரு வருடம் கழித்துக் கணக்கு. 2021-ல் முடிவு வந்தது. வலியைப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொன்னதில், சொந்த ரத்தம் போட்டவர்களுக்கு 2.1 குறைந்தது, உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்கு 1.8 குறைந்தது. குருத்தெலும்பு தேய்ந்த அளவிலும் வித்தியாசம் இல்லை. நல்ல பலன் என்று சொல்லும் வேறு சிறிய ஆய்வுகளும் உண்டு, மருத்துவர்களிடையே வாதம் நடக்கிறது. ஆனால் கடன் வாங்கிப் போடும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டெம் செல் பற்றி ஒரு வரி. 2022-ல் இந்தியாவில் ஒரு பெங்களூரு நிறுவனத்தின் தயாரிப்புக்கு முட்டுத் தேய்மானத்துக்காக அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி அந்தத் தயாரிப்புக்குத்தான், ஸ்டெம் செல் என்று போர்டு வைத்த எல்லோருக்கும் இல்லை.

முட்டுக்குப் போகாத ஊசி

கடைசியாக வந்த ஊசியை முட்டில் போடுவதே இல்லை. வயிற்றுத் தோலில் வாரம் ஒருமுறை போடுவது. செமாகுளூடைடு என்ற, எடையைக் குறைக்கும் மருந்து. உடல் பருமனும் முட்டுத் தேய்மானமும் சேர்ந்து இருந்த 407 பேருக்கு 68 வாரம் போட்டார்கள், 2024-ல் முடிவு வந்தது. எடை 13.7 சதவீதம் குறைந்தது. வலி நூற்றுக்கு 41.7 புள்ளி இறங்கியது. டம்மி ஊசி போட்டவர்களுக்கு 27.5. இந்த முறை இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. காரணமும் எளிது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. ஆனால் இது பருமன் உள்ளவர்களுக்கான மருந்து. ரப்பர் வெட்டி மெலிந்த உடம்புக்காரருக்கு இதில் வேலை இல்லை.

சரி, பணம் அனுப்பலாமா?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எழுபது வருடச் சரித்திரத்தில் தேய்ந்த முட்டைத் திரும்ப வளர்த்த ஊசி என்று நிரூபணமானது ஒன்றும் இல்லை. ஊசி வாங்கித் தருவது அவகாசம். வீக்கம் குறைந்த அந்தச் சில வாரத்தில் காலுக்குப் பயிற்சி தொடங்கினால் ஊசிக்கு அர்த்தம் உண்டு. தொடங்காவிட்டால் அடுத்த ஊசிக்குத்தான் பணம் சேர்க்க வேண்டும்.

2020-ல் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் 156 பேரை வைத்து ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வலியும் நடமாட்டமும் பிசியோதெரபி செய்தவர்களுக்கே நன்றாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது, கையூன்றாமல் எழுந்து உட்காருவது என்று தொடையின் தசைக்குப் பலம் தரும் வேலைகள்தான். நம் அம்மைமார்க்கு இது வைத்தியமாகவே தோன்றாது. "ஊசி இல்ல, குளிகை இல்ல, சும்மா கால ஆட்டச் சொல்லுதான்" என்பார்கள். ஊசிக்கு ஒரு பவர் உண்டு என்ற நம்பிக்கை நமக்குள் ஆழமாகப் போய்விட்டது. அதை உடைப்பது பணம் அனுப்புவதைவிடக் கஷ்டம்.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லையே என்ற குறுகுறுப்பில், எது விலை அதிகமோ அதற்குச் சம்மதித்துவிடுகிறோம். விற்பவருக்கும் அது தெரியும்.

ஆபரேஷனும் எதிரி இல்லை. எலும்போடு எலும்பு உரசி, ராத்திரி தூக்கம் போய், வீட்டு நடைகூட இறங்க முடியவில்லை என்றால் முட்டு மாற்றுவது நல்ல வைத்தியம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டின் விலைக்கு உச்சவரம்பு போட்டது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று வைத்த விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய். ஆபரேஷன் நெருங்கிவிட்டது என்றால், அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஸ்டீராய்டு ஊசி போடக் கூடாது, கிருமி தொற்றும் அபாயம் கூடும்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு இப்போது நான்கு கேள்விகளை அனுப்பிவைக்கிறேன். டாக்டரிடம் மரியாதையாகவே கேட்கலாம், நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

1. இது தேய்மானம்தானா, வேறு வாத நோயா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

2. ஊசியில் இருக்கும் மருந்தின் பெயர் என்ன? சீட்டில் எழுதித் தருவீர்களா?

3. அம்மைக்குச் சர்க்கரை இருக்கிறது, எத்தனை நாள் கூடுதலாகப் பரிசோதிக்க வேண்டும்? காய்ச்சலோ, முட்டு சிவந்து வீங்குவதோ வந்தால் ராத்திரியிலும் யாரைக் கூப்பிட வேண்டும்?

4. ஊசிக்குப் பிறகு என்ன பயிற்சி, யார் சொல்லித் தருவார்கள்?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் மூன்று ஊசிக்கும் சேர்த்துப் பணம் கட்டாதீர்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலை அந்தச் சீட்டோடு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மருந்தின் பெயர் கையில் இருந்தால் மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்.